நெட்டலையில் கேட்கும் விசில்: மின்கம்பிக் கேரியரை அடையாளம் காண்பது எப்படி

நம் வீட்டு ரேடியோக்களில் நெட்டலைக்கு (லாங் வேவ்) இடமே இருந்ததில்லை. 148.5 முதல் 283.5 கிலோஹெர்ட்ஸ் வரையிலான நெட்டலை ஒலிபரப்பு ஐரோப்பா, ஆப்பிரிக்கா பக்கத்துக்கு ஒதுக்கப்பட்டது. இந்தியா இருக்கும் மண்டலத்தில் அந்தப் பட்டையில் வானொலி நிலையம் கிடையாது. அதனால் எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டை) வசதியுள்ள ஒரு ரேடியோவையோ எஸ்டிஆர் (மென்பொருளால் இயங்கும் ரேடியோ) பெட்டியையோ வாங்கி, முதல்முறையாக 500 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கிப் பார்ப்பவர் அங்கே ஒன்றும் இருக்காது என்றுதான் எதிர்பார்ப்பார். ஆனால் உயர் அழுத்த மின்தடம் ஏதாவது பக்கத்தில் போகிறதென்றால், நான்கைந்து இடங்களில் ஓயாத விசில் கேட்கும். பேச்சு இல்லை, பாட்டு இல்லை, மோர்ஸில் பெயர் சொல்வதும் இல்லை. நண்பகலிலும் நள்ளிரவிலும் ஒரே பலத்தில் இருக்கும்.

பலர் இதைச் சார்ஜரின் இரைச்சல் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். சில விசில்கள் உண்மையிலேயே அப்படித்தான். மற்றவை மின்தடத்தின் காவல் குரல். 230 கே.வி. லைனின் இரு முனைகளில் இருக்கும் துணை மின் நிலையங்கள் அதே கம்பி வழியாக ஒன்றுக்கொன்று "நான் இருக்கிறேன்" என்று நொடிக்கு நொடி சொல்லிக்கொள்வதுதான் அந்த ஒலி. அது எதற்காக ஓயாமல் ஒலிக்கிறது என்று தெரிந்துகொண்டால், கேட்பது எது என்று பிரித்தறிவது எளிதாகிவிடும்.

கருவியிலிருந்து கம்பி வரை

இந்த ஏற்பாட்டுக்கு மின்வாரிய வழக்கில் பிஎல்சிசி (பவர் லைன் கேரியர் கம்யூனிகேஷன்) என்று பெயர். பேச்சில் வெறும் "கேரியர்". மின்சாரம் போகும் கம்பியிலேயே 40 முதல் 500 கிலோஹெர்ட்ஸுக்குள் ஒரு ரேடியோ அலையை ஏற்றி அனுப்புவது. ஒரு திசைக்கு 4 கிலோஹெர்ட்ஸ், மறு திசைக்கு 4 கிலோஹெர்ட்ஸ். இந்த அலையை அனுப்பிப் பெறும் கருவியான பேனலின் உச்சத் திறன் வழக்கமாக 20, 40 அல்லது 80 வாட். 40 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே போனால் கம்பியோடு இணைக்கும் கெப்பாசிட்டர் வழிவிட மறுக்கும், இரைச்சலும் கூடும். 500-க்கு மேலே போனால் கம்பியில் இழப்பு ஏறும், மத்திய அலை வானொலியோடும் மோதும். இடையில் கிடைத்த பட்டை இது.

230 கே.வி. லைனில் 40 வாட் ரேடியோவை எப்படி இணைக்கிறார்கள் என்பதில்தான் இதன் அழகு இருக்கிறது. துணை மின் நிலையத்தின் யார்டில் லைன் வந்து இறங்கும் இடத்தில் உயரமான பீங்கான் தூணாக நிற்கும் சிவிடிதான் (லைன் மின்னழுத்தத்தை அளக்க உதவும் கெப்பாசிட்டர் கருவி) வாசல். அதற்குள் இருக்கும் கெப்பாசிட்டரின் அளவு பெரும்பாலும் 4,400 பிக்கோஃபாரட். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு அது ஏறக்குறைய 7.2 லட்சம் ஓம் தடை. 100 கிலோஹெர்ட்ஸ் கேரியருக்கு அதே பொருள் சுமார் 360 ஓம்தான். அந்த 360 ஓமையும் தூணின் அடியில் ஒரு பெட்டிக்குள் இருக்கும் எல்எம்யூ (லைன் மேட்சிங் யூனிட்) ட்யூன் செய்து கழித்துவிடுகிறது. அதோடு, பேனலிலிருந்து வரும் 75 ஓம் கோஆக்சியல் கேபிளைக் கம்பியின் சில நூறு ஓமுக்குப் பொருத்தித் தருகிறது.

வாசல் இருந்தால் போதாது; உள்ளே விட்ட அலை மின் நிலையத்துக்குள்ளேயே வழிந்து போகாமல் லைன் பக்கமாகப் போக வேண்டும். அதற்குத்தான் வேவ் ட்ராப். லைன் மின்னோட்டம் முழுவதையும் சுமக்கும் பெரிய அலுமினியச் சுருள் அது. சிவிடியின் தலையில் உட்கார்ந்திருக்கும், அல்லது யார்டுச் சட்டத்திலிருந்து தொங்கும். 1 மில்லிஹென்றிச் சுருள் 50 ஹெர்ட்ஸுக்குக் காட்டும் தடை 0.3 ஓம். லைனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. 100 கிலோஹெர்ட்ஸுக்கு அது 628 ஓம். 0.5 மில்லிஹென்றி என்றால் இதில் பாதிதான். ஆகவே சுருளுக்குள் ஒரு ட்யூனிங் யூனிட்டை வைத்து, வேண்டிய பட்டையில் தடையை உயர்த்துகிறார்கள். 400 ஓம் லைனுக்கு அந்தத் தடையின் மின்தடைப் பங்கு 570 ஓமுக்குக் குறையக் கூடாது என்பது நடைமுறை அளவு. அப்படியிருந்தால் நிலையத்துக்குள் வழிந்து போவதால் ஏற்படும் இழப்பு 2.6 டெசிபெலைத் தாண்டாது.

லைன் நிறுத்தப்பட்டு ஐசோலேட்டர் (லைனைப் பிரித்து வைக்கும் சுவிட்ச்) பக்கம் எர்த் சுவிட்ச் (தரையோடு இணைக்கும் சுவிட்ச்) போடப்பட்டிருந்தாலும் கேரியர் போவது இதனால்தான்: எர்த் சுவிட்ச் வேவ் ட்ராப்புக்கு நிலையத்தின் பக்கம் இருக்கும், கேரியர் ஏறும் இடம் லைனின் பக்கம். மின்சாரம் ஓடாத லைனிலிருந்தும் ரேடியோவில் விசில் வருவதைக் கேட்டுக் குழம்பத் தேவையில்லை. ஆனால் டவர் மேல் வேலை செய்பவர்கள் அந்தக் கம்பியிலேயே எர்த் ராடு மாட்டினால் கேரியர் நன்றாகவே தளர்ந்துவிடும்.

ஏன் ஓயாமல் ஒலிக்கிறது

முதலில் இது தொலைபேசிக்காக வந்தது. மின்கம்பி வழியே பேசும் முறை 1920-களிலேயே புழக்கத்துக்கு வந்துவிட்டது. தனியாகத் தொலைபேசிக் கம்பி இழுக்காமல் மலை, காடு தாண்டி இருக்கும் மின் நிலையத்தோடு பேச அப்போது வேறு நல்ல வழி இல்லை. இன்று பேச்சு குறைந்துவிட்டது. கேரியர் இன்னும் உயிரோடு இருப்பது லைன் பாதுகாப்புக்காக.

100 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு 230 கே.வி. லைனை எடுத்துக்கொள்வோம். ஒரு முனை அ, மறு முனை ஆ. இரு முனைகளிலும் டிஸ்டன்ஸ் ரிலே இருக்கிறது. மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் வைத்து பழுது எவ்வளவு தொலைவில் என்று அது கணக்கிடும். அந்தக் கணக்கில் சிறு பிழை இருக்கும் என்பதால், லைனின் 80 சதவீதம் வரைதான் உடனே துண்டிக்க அனுமதி. இதுதான் முதல் மண்டலம். அதற்கு மேல் தெரியும் பழுது அடுத்த நிலையத்துக்கு அப்பாலும் இருக்கலாம். ஆகவே இரண்டாம் மண்டலத்தில் 0.35 நொடி அளவுக்குக் காத்திருந்த பிறகே துண்டிக்கும்.

இப்போது அ-விலிருந்து 90-வது கிலோமீட்டரில் தென்னை மட்டை விழுந்து பழுது என்று வைத்துக்கொள்வோம். ஆ-வுக்கு அது 10 கிலோமீட்டரில். உடனே லைனைத் துண்டிக்கும் பிரேக்கர் அங்கே திறந்துவிடும். அ-வுக்கு அது இரண்டாம் மண்டலம்; காத்திருக்கும். அந்த 0.35 நொடி முழுவதும் அ பக்கத்திலிருந்து பழுதுக்குள் மின்னோட்டம் கொட்டிக்கொண்டே இருக்கும். கம்பி உருகுவதும், இன்சுலேட்டர் வெடிப்பதும், பக்கத்து ஜெனரேட்டர்கள் ஒத்திசைவு இழப்பதும் இந்த இடைவெளியில்தான்.

கேரியர் இந்தக் காத்திருப்பை ஒழிக்கிறது. ஆ-வின் ரிலே முதல் மண்டலத்தில் பழுதைப் பார்த்த கணமே ஒரு சமிக்ஞையை அனுப்புகிறது. ஏறக்குறைய 20 மில்லிநொடியில், அதாவது மின்சாரத்தின் ஒரே ஒரு சுற்றில், அது அ-வை அடையும். அ-வின் ரிலேயும் இரண்டாம் மண்டலத்தில் பழுதைப் பார்த்திருக்கிறது, ஆ-வின் சொல்லும் வந்துவிட்டது. இனி காத்திருக்கக் காரணம் இல்லை. 300 மில்லிநொடிக்கு மேல் மிச்சம். பதினைந்து சுற்று.

ஓயாத ஒலியின் காரணம் இங்கே இருக்கிறது. துண்டிக்கும் கட்டளை வருடத்தில் சில முறைதான் வரும். ஆனால் வரும் அந்தக் கணத்தில் பாதை திறந்திருக்கிறது என்று இரு முனைகளுக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதனால் சும்மா இருக்கும் நேரம் முழுவதும் ஒரு காவல் ஒலி போய்க்கொண்டே இருக்கிறது. அது நின்றால் பேனலில் அலாரம் அடிக்கும். கட்டளை வரும்போது காவல் ஒலி விலகி, அதே கணத்தில் கட்டளை ஒலி எழ வேண்டும். இரண்டும் சேர்ந்து நடந்தால்தான் எதிர்முனை நம்பும். மின்னல் சத்தமோ ஐசோலேட்டர் திறக்கும்போது வரும் பொறியின் இரைச்சலோ கட்டளை ஒலியைப் போலித்தாலும், காவல் ஒலி கேட்டுக்கொண்டிருக்கும்வரை பிரேக்கர் அசையாது.

எந்தக் கம்பியில் பழுதோ அதே கம்பி வழியாகத்தான் பழுதைப் பற்றிய செய்தியும் போகிறது என்பது இதிலுள்ள பெரிய சங்கடம். கம்பி தரையில் கிடக்கும்போது கேரியரும் தளரும். அதற்கு இரண்டு பரிகாரங்கள். ஒன்று, கட்டளை போகும் அந்தச் சில மில்லிநொடிகளுக்குப் பேச்சையும் டேட்டாவையும் வெட்டிவிட்டு முழுத் திறனையும் கட்டளை ஒலிக்கே கொடுப்பது. மற்றது, ஒரே கம்பியில் ஏற்றாமல் இரண்டு ஃபேஸ்களுக்கு இடையிலோ ஒரே டவரில் போகும் இரண்டு சர்க்யூட்களுக்கு இடையிலோ ஏற்றுவது. ஒரு கம்பி போனாலும் மற்றது மிஞ்சும்.

அமெரிக்காவில் பரவலாக இருக்கும் தடுப்பு முறை இதைத் தலைகீழாகச் செய்கிறது. அங்கே கேரியர் "துண்டிக்காதே" என்று சொல்லும். பழுது தன் லைனுக்கு வெளியே இருந்தால்தான் அதை அனுப்புவார்கள். அப்போது லைன் நன்றாக இருப்பதால் அலை தடையின்றிப் போகும். அந்த முறையில் சாதாரண நேரத்தில் கேரியர் ஊமையாக இருக்கும்; பாதை சரியா என்று அவ்வப்போது சோதிக்கும் சில நொடிகள் மட்டும் கேட்கும். அங்கேயே இன்னொரு வகை, ஓயாத காவல் ஒலியை 1 வாட்டில் அனுப்பி, கட்டளை வரும்போது அலையெண்ணைச் சில நூறு ஹெர்ட்ஸ் நகர்த்தித் திறனை 10 வாட்டுக்கு உயர்த்துவது. நெட்டலை கேட்கும் அமெரிக்கர்களின் குறிப்புகளில் வரும் பெயரில்லா விசில்களில் பல இந்த வகை.

ரேடியோவில் அது எப்படித் தெரியும்

நம் பக்கத்துப் பேனல்கள் பெரும்பாலும் எஸ்எஸ்பி வகை. உதாரணத்துக்கு 148 முதல் 152 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒரு தடத்தை எடுத்துக்கொள்ளலாம். அடி எல்லையான 148-இல் மறைந்த கேரியர். அங்கே ஒன்றும் கேட்காது. 148.3 முதல் 150 அல்லது 150.4 வரை பேச்சுக்கான இடம். யாரும் போனை எடுக்காதவரை அதுவும் வெறுமை. அதற்கு மேலே டேட்டா ஒலிகள். மேல் விளிம்புக்குப் பக்கத்தில், 151.6 என்று வைத்துக்கொள்வோம், பைலட் ஒலி. இதுதான் நமக்குக் கேட்கும் விசில்; மேலே சொன்ன காவல் ஒலியும் இதுதான். எதிர்முனை இதன் பலத்தைப் பார்த்துத்தான் தன் ரிசீவரின் ஏற்பைக் கூட்டிக் குறைத்துக்கொள்கிறது.

ரேடியோவை 148-க்கு வைத்து யுஎஸ்பியில் (மேல் பக்கப்பட்டை) கேட்டால் இந்தப் பைலட் 3,600 ஹெர்ட்ஸில் விழும். ரேடியோவின் ஃபில்டர் 2.4 அல்லது 3 கிலோஹெர்ட்ஸோடு வெட்டிவிடுவதால் காதுக்கு வராது. 150.6-க்கு நகர்த்தினால் 1,000 ஹெர்ட்ஸ் விசிலாகத் தெளிவாக வரும். புதிதாகத் தேடுபவர்கள் தவறவிடுவது இந்த இடத்தில்தான். 1 கிலோஹெர்ட்ஸ் படியாக நகர்த்தித் தேட வேண்டும். ஏஎம் முறையில் விசிலே கேட்காது. அந்த இடத்தில் பின்னணி இரைச்சல் சட்டென்று அடங்குவது மட்டும் தெரியும். சில தடங்கள் தலைகீழாக இருக்கும்: மறைந்த கேரியர் மேலே 152-இல், பைலட் கீழே 148.4-இல். அப்போது எல்எஸ்பிக்கு (கீழ்ப் பக்கப்பட்டை) மாற்ற வேண்டும்.

பைலட் சுத்தமான ஒற்றை ஒலியாக இருக்க வேண்டும் என்பதில்லை. பழைய பேனல்களில் டயல் செய்யும் எண்கள் இந்தப் பைலட்டைச் சில பத்து ஹெர்ட்ஸ் இப்படியும் அப்படியும் ஆட்டித்தான் போகும். கேரியர் போனில் யாராவது எண் சுழற்றினால் விசில் நொடிக்குப் பத்து முறை துடிக்கும், பிறகு நிலைக்கும். டேட்டா ஒலிகள் சிள்வண்டுபோல் கிறீச்சிடும். பாதுகாப்புக் கட்டளை வந்தால் காதுக்கு ஒரு சின்ன "டக்" மட்டும்தான். பதிவைப் பிற்பாடு எஸ்டிஆர் திரையின் வாட்டர்ஃபால் வரைபடத்தில் பெரிதாக்கிப் பார்த்தால் பைலட்டும் டேட்டாவும் வெட்டுப்பட்டு, வேறொரு ஒலி பலமாக எழுந்து அடங்கியிருப்பது தெரியும். பேச்சு கேட்டால் அது நமக்கானது அல்ல. பதிவு செய்வதும் பரப்புவதும் கூடாது.

எந்த ரேடியோ என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. டெக்சன் பிஎல்-660 நெட்டலையில் 100 கிலோஹெர்ட்ஸ் வரை இறங்கும். ஐகாம் ஐசி-7300 30 கிலோஹெர்ட்ஸிலிருந்தே கேட்கும். ஏர்ஸ்பை ஹெச்எஃப் பிளஸ் டிஸ்கவரி போன்ற எஸ்டிஆர் இருந்தால் முழுப் பட்டையையும் ஒரே திரையில் பார்க்கலாம். இந்த வேலைக்கு அதுவே சிறந்தது. ஏனென்றால் கேரியர்கள் ஜோடியாக வரும்: ஒரு 4 கிலோஹெர்ட்ஸ் போக, ஒட்டியே ஒரு 4 கிலோஹெர்ட்ஸ் வர. பக்கத்து நிலையத்தின் குரல் பலமாகவும் தொலை நிலையத்தின் குரல் தளர்ந்தும் ஒட்டி நிற்பதைத் திரையில் பார்த்தாலே பாதி அடையாளம் முடிந்துவிடும்.

வேறு எதோடு குழம்பலாம்

வீட்டுக்குள்ளிருந்துதான் தொடங்க வேண்டும். ரேடியோவைப் பேட்டரியில் போட்டுவிட்டு, மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். இன்வெர்ட்டரையும் சேர்த்து அணைக்க வேண்டும். அதை மறந்தால் சோதனையே வீண். நின்றுவிட்டால் அது எல்இடி விளக்கு அல்லது சார்ஜரின் வேலை. அவற்றின் ஒலி கரகரப்பாக இருக்கும், சூடேறும்போது மெல்ல நகரும், 60, 120, 180 என்று சம இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும். பிஎல்சிசி பைலட் கிரிஸ்டலில் கட்டுண்டது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தாலும் அதே இடத்தில் நிற்கும்.

விமானங்களுக்குத் திசை காட்டும் விமான நிலைய என்டிபி கலங்கரைகள் 200 முதல் 400-க்குச் சற்று மேல் வரை இருக்கின்றன. அவையும் ஓயாத கேரியர்தான், ஆனால் இரண்டு மூன்று எழுத்துகளை மோர்ஸில் திரும்பத் திரும்பச் சொல்லும். இரவில் தொலைவிலிருப்பவை எழுந்து அடங்கும். 518 கிலோஹெர்ட்ஸில் கப்பல்களுக்கான எச்சரிக்கைச் செய்தியான நாவ்டெக்ஸ் குறித்த நேரங்களில் வந்து போகும். திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் உள்ள கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன் நிலையம் 18.2 கிலோஹெர்ட்ஸ் போன்ற மிகத் தாழ்ந்த அலையெண்களில் ஒலிப்பது. பிஎல்சிசி அவ்வளவு கீழே வராது.

ஏமாற்றுவதில் முதலிடம் ரேடியோவுக்கே. 455 கிலோஹெர்ட்ஸ் ஐஎஃப் (இடை அலையெண்) கொண்ட மலிவான ரேடியோவில், நாம் வைத்த இடத்துக்கு 910 கிலோஹெர்ட்ஸ் மேலே இருக்கும் நிலையம் பேயாக வந்து உட்காரும். அகில இந்திய வானொலியின் திருநெல்வேலி 1,197 கிலோஹெர்ட்ஸ். அதிலிருந்து 910-ஐக் கழித்தால் 287. நெல்லைச் சீமையில் 287-இல் தமிழ்ப் பாட்டு கேட்டால், அங்கே நெட்டலை நிலையம் எதுவும் புதிதாக முளைக்கவில்லை.

இவற்றைக் கழித்துவிட்டு மிஞ்சுவதை, நடந்து போய் உறுதி செய்ய வேண்டும். ஃபெரைட் கம்பி ஆன்டெனா உள்ள சின்ன ரேடியோ போதும். தொலைவில் உள்ள நிலையம் என்றால் ஃபெரைட் கம்பியின் முனை அந்த நிலையத்தை நோக்கும்போது ஒலி அடங்கும். மின்கம்பியின் கீழ் கதை வேறு: காந்தப் புலம் கம்பியைச் சுற்றி வளைவதால், ஃபெரைட்டை லைனுக்கு இணையாகப் பிடித்தால் அடங்கும், குறுக்காகப் பிடித்தால் ஓங்கும். லைன் திரும்பும் இடத்தில் நாமும் திரும்பி நடந்து, ஒலி அடங்கும் திசையும் கூடவே திரும்புகிறதென்றால், சந்தேகம் தீர்ந்தது. லைனிலிருந்து பக்கவாட்டில் விலகினால் சீக்கிரம் தளரும். லைன் ஓரமாகவே போனால் கிலோமீட்டர் கணக்கில் தொடரும்.

இந்த நடையில் ஒரு விதியை மீறவே கூடாது. லைனுக்குக் கீழே நீளமான விப் ஆன்டெனாவையோ கம்பியையோ நீட்டக் கூடாது, எதையும் மேலே எறியக் கூடாது, துணை மின் நிலைய வேலிக்குப் பக்கத்தில் போகக் கூடாது. உள்ளங்கையில் அடங்கும் ரேடியோ மட்டும் போதும்.

நூறு மீட்டருக்கு ஒருமுறை பலத்தைக் குறித்துக்கொண்டு மூன்று கிலோமீட்டர் நடந்தால் இன்னொன்றும் தெரியவரும். இரு முனைகளும் சரியாகப் பொருந்திய லைனில் பலம் மெதுவாகத்தான் மாறும். ஒரு முனை பொருந்தவில்லையென்றால் அலை திரும்பி வந்து நிலை அலை உண்டாகும். அரை அலைநீளத்துக்கு ஒரு மேடு. 150 கிலோஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 2 கிலோமீட்டர், ஆகவே ஏறக்குறைய கிலோமீட்டருக்கு ஒரு மேடு. லைன் வளைவும் பக்கத்து வேலிக் கம்பியும் இந்தக் கணக்கைக் கெடுக்கும். ஆனாலும் மேடுகள் சீராக வந்தால் அது தற்செயல் அல்ல.

லைன் ஆன்டெனா ஆவது ஏன்

கேரியர் எதிர்முனைக்குப் போகத்தான். வெளியே கசிவது உபரி. எவ்வளவு கசியும் என்பது இணைப்பு முறையைப் பொறுத்தது. ஒரே ஃபேஸில் ஏற்றினால் திரும்பும் மின்னோட்டம் மற்ற ஃபேஸ்களிலும் தரையிலும் பரந்து போகிறது. வெளியே தெரியும் புலம் பெரிது. இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே ஏற்றினால் இரண்டிலும் மின்னோட்டம் எதிரெதிராக ஓடி, தொலைவில் ஒன்றையொன்று பெருமளவு அழித்துக்கொள்ளும். எங்கே சமநிலை குலைகிறதோ, அதாவது கம்பிகள் இடம் மாறும் டவர், கூர்மையான திருப்பம், கிளை லைன், நிலைய முனை, அங்கே கசிவு கூடும். ரேடியோவோடு நடப்பவர் இந்த இடங்களில் ஒலி எகிறுவதைக் கேட்கலாம்.

விசிலுக்குப் பின்னால் 100 ஹெர்ட்ஸ் கரகரப்பு எப்போதும் இருக்கும். அது கொரோனா, கம்பியைச் சுற்றியுள்ள காற்றில் நடக்கும் மின் கசிவு. மழையில் பல மடங்காகப் பெருகும். கடலோர லைன்களில் இன்சுலேட்டரில் உப்பும் தூசும் படிந்திருக்கும்போது பனி ஈரம் பட்டால், மழையில்லாமலே விடியற்காலையில் ஏறும். கேரியரை ஏன் வாட் கணக்கில் அனுப்ப வேண்டியிருக்கிறது என்பதற்கு அந்தக் கரகரப்பே பதில். அதற்கு மேலே எதிர்முனைக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும். அதுவும் மிக மோசமான வானிலையில்.

கெட்டுப் போவது எங்கே

அதிகம் சாகும் உறுப்பு வேவ் ட்ராப்பின் ட்யூனிங் யூனிட். மின்னல் அலை வரும்போது சுருளின் குறுக்கே எழும் அழுத்தத்தைப் பக்கத்திலுள்ள அரெஸ்டர் (மின்னல் தாங்கி) தாங்க வேண்டும். தாங்காவிட்டால் யூனிட்டின் கெப்பாசிட்டர் போகும். லைன் மின்சாரத்துக்கு எதுவும் தெரியாது. கேரியர் மட்டும், நிலையத்தின் லைன்கள் சேரும் பஸ்பார் வழியாக வழிந்து அடுத்த லைன்களுக்குள் நுழையும். வெளியே கேட்பவருக்கு இதன் அடையாளம்: நேற்றுவரை ஒரு லைனில் மட்டும் கேட்ட ஒலி இன்று அதே நிலையத்திலிருந்து கிளம்பும் வேறு லைனிலும் கேட்பது. ஒரே அலையெண்ணை இரண்டு லைன் பகுதிகளாவது தள்ளித்தான் மறுபடி பயன்படுத்த வேண்டும் என்ற திட்டமே இந்த வழிதலுக்குப் பயந்துதான். தள்ளி வைத்த இரண்டும் சேர்ந்து கேட்கும் இடத்தில் சில ஹெர்ட்ஸ் வித்தியாசத்தில் விசில் அலைபாயும்.

சுருளுக்குள் பறவை கூடு கட்டுவது சின்ன விஷயமாகத் தோன்றும். ஈரமான சுள்ளியும் கம்பித் துண்டும் சுற்றுகளுக்கு இடையே விழுந்தால் பொறி பறக்கும். அதனால்தான் சுருளின் இரு முனைகளிலும் வலை வைத்தே வாங்குகிறார்கள்.

எல்எம்யூவில் கெடுவது அரெஸ்டரும் கேபிள் முனையும். மழைநீர் இறங்கிய கோஆக்சியல் கேபிளில் இழப்பு மெல்ல மெல்ல ஏறும். எதிர்முனையின் தானியங்கி ஏற்பு அதை ஈடுகட்டிக்கொண்டே வருவதால் பேச்சில் வித்தியாசம் தெரியாது. ஒரு மழைநாளில் சட்டென்று அலாரம் வரும். இதை முன்கூட்டிப் பிடிக்க வேண்டுமென்றால் செலக்டிவ் லெவல் மீட்டரை வைத்து அளந்து, முதல் நாள் ஏட்டில் எழுதிய அளவோடு ஒப்பிடுவதைத் தவிர வேறு வழி இல்லை. 40 வாட் என்பது 46 டிபிஎம் (1 மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல்); 75 ஓமில் ஏறக்குறைய 55 வோல்ட். இணைப்புக் கருவியில் 2 டெசிபெலுக்கு மேல் இழப்பு இருக்கக் கூடாது, ரிட்டர்ன் லாஸ் (பொருந்தாமல் திரும்பி வரும் அலையின் தளர்ச்சி) 12 டெசிபெலுக்குக் குறையக் கூடாது.

எல்எம்யூ பெட்டியைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. 230 கே.வி. லைனில் 4,400 பிக்கோஃபாரட் வழியாக எப்போதும் 0.18 ஆம்பியர் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் இறங்கிக்கொண்டிருக்கும். அது பெட்டிக்குள் இருக்கும் ட்ரெயின் காயில் (வடிகால் சுருள்) வழியாக அமைதியாகத் தரைக்குப் போகிறது. அந்த இணைப்பை யாராவது கழற்றினாலோ துருப்பிடித்து அறுந்தாலோ, இரண்டு வோல்ட் கூட இல்லாத முனை கொல்லும் அழுத்தத்துக்கு ஏறிவிடும். பெட்டியின் எர்த் சுவிட்சைப் போட்டு, போட்டது விழுந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே உள்ளே கை போக வேண்டும்.

ஒரே பட்டைக்கு இரண்டு பேர்

மின்கம்பியின் கேரியரும் ரேடியோ ஆர்வலரின் அலையும் ஒரே பட்டையில் வாழ வேண்டியிருப்பது அமெரிக்காவில் பெரிய சர்ச்சையாகவே நடந்தது. அங்கே பிஎல்சி என்று அழைக்கப்படும் இந்தக் கேரியர் 9 முதல் 490 கிலோஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் இயங்குகிறது. சட்டப்படி எந்தக் குறுக்கீட்டையும் அது பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் பொறுத்துக்கொள்வது என்றால் இங்கே லைன் தவறாகத் துண்டிக்கப்படுவது என்று பொருள். 136 கிலோஹெர்ட்ஸ் அருகே அமெச்சூர்களுக்கு இடம் கேட்டபோது இதே காரணத்தால் 2003-இல் மத்திய தகவல் தொடர்பு ஆணையம் மறுத்தது. உலக ரேடியோ மாநாடுகள் 2007-இல் 135.7–137.8 கிலோஹெர்ட்ஸையும் 2012-இல் 472–479 கிலோஹெர்ட்ஸையும் அமெச்சூர்களுக்குத் திறந்தன. அமெரிக்கா 2017-இல்தான் இரண்டையும் அனுமதித்தது, நிபந்தனையோடு: பிஎல்சி இயங்கும் லைனிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் நிலையம் இருக்கக் கூடாது, ஒலிபரப்பத் தொடங்குவதற்கு 30 நாள் முன்பே மின் நிறுவனங்களின் தொலைத்தொடர்பு அமைப்புக்கு இடத்தைத் தெரிவிக்க வேண்டும், கதிர்வீச்சுத் திறன் கீழ்ப் பட்டையில் 1 வாட், மேல் பட்டையில் 5 வாட்டைத் தாண்டக் கூடாது. பதினான்கு வருட இழுபறிக்கு இது நியாயமான முடிவு. மின்தடத்தின் காவல் ஒலியை மதிக்கத் தெரிந்த ஆர்வலருக்கு ஒரு கிலோமீட்டர் விலகி நிற்பதில் இழப்பு ஒன்றுமில்லை.

இப்போது டவரின் உச்சியில் போகும் எர்த் கம்பிக்குள்ளேயே ஆப்டிகல் ஃபைபர் வருகிறது. டேட்டாவும் பேச்சும் அதற்குள் போய்விட்டன. பாதுகாப்புக் கட்டளைக்கு மட்டும் பல லைன்களில் ஃபைபரோடு கேரியரையும் வைத்திருக்கிறார்கள்: எர்த் கம்பி அறுந்தால் ஃபைபரும் போய்விடும், மின்கம்பி இருக்கும்வரை கேரியர் இருக்கும். ஆகவே கேட்பவர் ஒரு நோட்டில் அலையெண்ணை நூறு ஹெர்ட்ஸ் துல்லியத்தில், லைனின் பெயரோடும் பலத்தோடும் தேதியோடும் எழுதி வைப்பது நல்லது. ஒரு விசில் ஓரிரு நாள் நின்று திரும்பினால் பராமரிப்பு. மாதக் கணக்கில் நின்றுபோனால், சாலையிலிருந்தே அந்த யார்டைப் பாருங்கள். அந்த லைன் இறங்கும் இடத்தில் வேவ் ட்ராப் இருந்த இடம் காலியாகி, வெறும் ஜம்பர் கம்பி ஓடிக்கொண்டிருக்கலாம்.